சில விநாடியில் முடிந்துபோகும் காமாக் கதிர் வெடிப்பை வருடக்கணக்கில் எப்படி ஆராய்கிறார்கள்?

கேட்டவர் தலவாக்கலைப் பக்கம் உயர்தரம் கணிதப் பிரிவில் படிப்பவர். "வெடிப்பு கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்கிறார்கள், அப்படியென்றால் அதை ஆராய்பவர் மீதி நாளெல்லாம் என்ன செய்வார்? நம்மைப் போன்றவர்களுக்கு அதில் இடம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டம். பக்கத்துப் பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாததால் ஹட்டனுக்கு பஸ் ஏறிப் படித்தேன். பேராதனையில் இறுதியாண்டு ஆய்வுக்காக இந்த வெடிப்புகளின் தரவோடு எட்டு மாதம் மல்லுக்கட்டினேன். இப்போது படிப்பிக்கிறேன். ஆராய்ச்சியாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கிட்ட இருந்து பார்த்தவன்.

கடைசி பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி லயத்துக்கு நடந்திருப்பீர்கள். இருட்டில் மூடுபனி கண்ணுக்கே தெரியாது, முகத்தில் ஈரம் படுவதுதான் தெரியும். வளைவில் ஒரு கொழுந்து லொறி திரும்பும்போது பாருங்கள்: எங்கே அடர்த்தி, எங்கே மெலிசு, உள்ளே தூறலும் கலந்திருக்கிறதா, எல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும். லொறி மூன்று விநாடியில் போய்விடும். தூர வானத்தில் திடீரென்று பளிச்சிட்டு மறையும் காமாக் கதிர் வெடிப்பும் அந்த லொறி விளக்கு மாதிரித்தான். ஆராய்பவர்களில் பலருக்கு லொறி முக்கியமில்லை, பனிதான் முக்கியம்.

இரண்டு விநாடிக்கு மேல் நீளும் வெடிப்புகள் பெரும்பாலும் மிகப் பெரிய நட்சத்திரம் ஒன்று தன் பாரம் தாங்காமல் உள்ளே இடிந்து விழும்போது வருபவை. நடுவில் கருந்துளை உருவாகி, இரண்டு பக்கமும் ஒடுங்கிய தாரை பீறிடும். அதன் முனை நம் பக்கம் திரும்பியிருந்தால்தான் நமக்குத் தெரியும். காமா ஓய்ந்த பிறகும் எக்ஸ் கதிரிலும் சாதாரண ஒளியிலும் ஒரு மங்கல் தங்கி, மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் அணைந்துகொண்டே போகும். இதைப் பின்னொளி என்பார்கள். வேலை முழுவதும் இங்கேதான்.

அந்தப் பின்னொளி நம்மிடம் வருமுன் தன் சொந்த விண்மீன்திரளின் வாயுவையும் தூசியையும் ஊடுருவ வேண்டும். நான் சொன்ன பனி அதுதான். வழியில் இருக்கும் ஒவ்வொரு மூலகமும் தனக்குரிய நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். நிறமாலையாகப் பிரித்தால் அந்த இடங்களில் கறுப்புக் கோடுகள். இரும்பு, சிலிக்கன், நாகம் எல்லாம் அகப்படும். ஆமாம், லயத்துக் கூரைத் தகரத்தில் பூசியிருக்கிற அதே நாகம்தான். என் ஆய்வில் முதன்முதலாக அந்தக் கோட்டை அடையாளம் கண்ட இரவு எனக்கு வீட்டுக் கூரைதான் ஞாபகம் வந்தது. நாகம் எவ்வளவு என்று கணக்கிட்டால், அந்த இடத்தில் முன்பே எத்தனை நட்சத்திரங்கள் வாழ்ந்து செத்திருக்கும் என்று ஊகிக்கலாம். கோடுகள் சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதில் இருந்து தூரமும் வந்துவிடும்.

நடைமுறையில் இப்படி. ஸ்விஃப்ட் செய்மதி (2004 நவம்பரில் ஏவியது) வெடிப்பைப் பிடித்ததும் தானே அந்தப் பக்கம் திரும்பி, இடத்தைக் கீழே அனுப்பும். சில விநாடிகளில் உலகம் முழுக்க ஆட்களின் ஃபோன் அடிக்கும். சிலியில் பரனால் மலையில் உள்ள 8.2 மீற்றர் தொலைகாட்டி மாதிரி ஒன்றைத் திருப்பி, அணையுமுன் நிறமாலை எடுக்க வேண்டும். அந்த ஒரு இரவு பரபரப்பு. அப்புறம் கோடு கோடாக அளப்பது மாதக்கணக்கு. பின்னொளி முற்றாக அணைந்த பிறகுதான் விண்மீன்திரளைத் தனியாகப் படம் எடுக்கலாம், அதற்கு ஒரு வருடம் காத்திருப்பவர்களும் உண்டு. உங்கள் "மீதி நாள்" இப்படிப் போகிறது.

பின்னொளி கிடைக்கவே முப்பது வருடம் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். அணுகுண்டுச் சோதனையை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செய்மதிகள் 1967இல் முதல் வெடிப்பைப் பதிவு செய்தன, 1973இல்தான் அதை வெளியே சொன்னார்கள். பக்கத்தில் நடப்பதா, பிரபஞ்சத்தின் மறு கோடியிலா என்று சண்டை. 1997 பெப்ரவரி 28ஆம் திகதி வெடிப்புக்கு முதல் பின்னொளி அகப்பட்டது, அதே வருடம் மே மாதம் இன்னொன்றின் தூரத்தையே அளந்தார்கள். சண்டை முடிந்தது.

எனக்குப் பிடித்தது 2009 ஏப்ரல் 23 வெடிப்பு. அதன் ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு வயது ஏறக்குறைய 63 கோடி வருடம்தான், வந்து சேர 1300 கோடி வருடம். பிறகு அது இருந்த விண்மீன்திரளை ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி தேடியது. ஒன்றும் அகப்படவில்லை, அவ்வளவு மங்கல். விளக்கு மட்டும் எரியாமல் இருந்தால் அங்கே ஒன்று இருக்கிறது என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. 2008 மார்ச் 19 அதிகாலை கொழும்பில் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் காலமானார். சில மணி நேரத்தில், நம் நேரம் பகல் 11.42க்கு ஒரு வெடிப்பு. 750 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் இருந்து வந்தும், இருண்ட வானம் உள்ளவருக்கு அரை நிமிடம்போல வெறும் கண்ணுக்கே தெரிந்திருக்கும். அதற்கு அவர் பெயரை வைக்கலாம் என்றும் சிலர் கேட்டார்கள். நமக்குப் பகல், ஆகவே கொடுத்து வைக்கவில்லை.

2022 ஒக்டோபர் 9 வெடிப்பு இன்னும் கிட்ட. இதுவரை பதிவானதில் மிகப் பிரகாசமானது. வாப் போயா தினம், மாலை 6.47, கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே! பயப்பட வேண்டாம், காமாக் கதிரை வளிமண்டலம் தடுத்துவிடும். உயரே உள்ள அயன் மண்டலம் மட்டும் கலங்கியது. அந்த நேரம் நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து, மழை விடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் எக்ஸ் கதிர் நம் பால்வீதியின் தூசி மேகங்களில் பட்டுச் சிதறி 20 வளையங்களாகத் தெரிந்தது. பனியில் தெருவிளக்கைச் சுற்றி வட்டம் தெரியுமே, அதே மாதிரி. வளையத்தின் அளவை வைத்து ஒவ்வொரு மேகமும் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டார்கள்.

சரி, இடம் உண்டா என்ற கேள்வி. நம் ஊரில் வானம் வருடத்தில் பாதி நாள் மூடிக் கிடக்கும். ஆனால் இந்தத் துறைக்கு அது தடையில்லை, தரவு செய்மதியில் இருந்து வருகிறது, காமாக் கதிரைப் பிடிக்கும் ஃபெர்மி செய்மதியின் பதிவுகளை யாரும் இலவசமாக இறக்கலாம். தடை ஆங்கிலமும் கணினியும்தான், அதை மறைக்க மாட்டேன். பரீட்சை முடிந்ததும் பைத்தன் என்ற கணினி மொழியைப் பழகுங்கள். கோப்புகள் பெரியவை, நைட் டேட்டாவில் இறக்குங்கள். முதல் வேலையாக 2022 ஒக்டோபர் 9ஐ எடுத்துவிடாதீர்கள். அந்த வெளிச்சத்தில் ஃபெர்மியின் கருவியே திணறிப்போனது, வரைபைப் பார்த்தால் உங்கள் பிழையா கருவியின் பிழையா என்று தெரியாமல் குழம்புவீர்கள். நான் அதில்தான் ஒரு வாரத்தை விட்டேன். சாதாரணமாக ஒன்று, இருபது முப்பது விநாடி நீளம் உள்ளது, அதில் தொடங்குங்கள்.