நூலுக்குப் பரிசு: பொன்னாடைக்கு முன்னால் விதிகள்

கேள்வி: ஐக்கிய அமெரிக்காவில் ஹிஸ்பானிய (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்த) மக்களின் வாழ்வைப் பேசும் நூல்களுக்குப் பல்கலைக்கழகங்களும் நூலகர் சங்கங்களும் தனியாகப் பரிசு கொடுக்கின்றன. பொதுப் பரிசுகள் இருக்க இது எதற்கு?
– கல்வியியல் மாணவி, கோப்பாய்

பதில்: டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. அங்கே படித்தவர் தோமஸ் ரிவேரா. 1935இல் பிறந்தவர், அறுவடைக் கூலிக்காக ஊர் ஊராகப் போன மெக்சிக்கக் குடும்பம். 1971இல் அவருடைய நாவல் வெளிவந்தது. 1979இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத் தலைவரானார். எங்கள் துணைவேந்தருக்கு நிகரான பதவி. 1984இல் காலமானார். மெக்சிக்க அமெரிக்கரின் வாழ்வை உள்ளபடி காட்டும் சிறுவர் நூல்களுக்கு அவர் பெயரில் 1995இல் டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் பரிசு ஏற்படுத்தியது. பொறுப்பு கல்வியியல் பீடத்திடம். நாளைய ஆசிரியர்கள் படிக்கும் பீடமே நூலைத் தெரிவுசெய்தால் அது வகுப்பறைக்குப் போகும் தூரம் குறைகிறது. பொதுப் பரிசு இதைச் செய்யாது.

அமெரிக்க உயர்கல்விச் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் 1965இல் கையொப்பமிட்டதும் இதே டெக்சாஸ் ஸ்டேட் வளாகத்தில்தான். அவரும் அங்கு படித்தவர். இளநிலை மாணவரில் குறைந்தது 25 வீதம் ஹிஸ்பானியராக உள்ள உயர்கல்வி நிறுவனங்கள் ‘ஹிஸ்பானிக் சேர்விங் இன்ஸ்டிட்யூஷன்’ என்ற தனி வகையாக வரையறுக்கப்பட்டது அச்சட்டத்தின் பிற்காலத் திருத்தங்களால்.

கேள்வி: எங்கள் வாசிகசாலை, வடபகுதிக் கல்வி வரலாறு பற்றிய ஆய்வு நூலுக்கு வருகிற தைப்பொங்கலுக்குப் பரிசு கொடுக்க விரும்புகிறது. அமெரிக்கப் பரிசுகளைப் பார்த்து எப்படி ஒழுங்கு செய்யலாம்?
– வாசிகசாலைச் செயலாளர், மானிப்பாய்

பதில்: தைப்பொங்கலை மறந்துவிடுங்கள். 20 நூல்கள் வந்தால், நூலொன்று 250 பக்கம் என்று வைத்தாலும் 5,000 பக்கம். வேலைக்குப் போகும் நடுவர் ஒருவர் நாளுக்கு 40 பக்கம் கவனமாக வாசித்தால் 125 நாள் வேண்டும். முந்தைய இரண்டு ஆண்டு நூல்களைப் பங்குனி முடிவுக்குள் பெற்று, ஆவணி கடைசியில் முடிவை அறிவிப்பதே நடக்கக்கூடியது.

முதலில் எழுத வேண்டிய விதி, பரிசு ஆளுக்கா பொருளுக்கா என்பது. 1996இல் தொடங்கிய, அமெரிக்க நூலகர் சங்கங்கள் சிறுவர் நூல்களுக்குக் கொடுக்கும் பூரா பெல்ப்ரே பரிசுக்கு நூலாசிரியர் லத்தீனோவாக (லத்தீன் அமெரிக்க வழிவந்தவராக) இருக்க வேண்டும். ரிவேரா பரிசு நூல் எதைப் பற்றியது என்பதை முன்னே வைக்கிறது. இதைத் தீர்மானிக்காமல் அறிவித்தால், கொழும்பிலோ கனடாவிலோ இருப்பவர் எழுதிய நூல் வந்த அன்றே சண்டை. உங்களுடையது கல்வி வரலாறு, பொருளையே பிடியுங்கள். இன்னொன்று: பெல்ப்ரே பரிசு இரண்டாண்டுக்கு ஒருமுறையாக இருந்து 2009இலிருந்துதான் ஆண்டுதோறும் ஆனது. தரமான ஆய்வு நூல் ஆண்டுக்கு நாலைந்து வந்தாலே அதிசயமான எங்கள் நிலைமைக்கு அந்தப் பழைய ஏற்பாடே பொருந்தும். தகுந்த நூல் இல்லையென்றால் பரிசு இல்லை என்ற வரியையும் சேருங்கள்.

பதிப்பு விபரப் பக்கத்தில் ஆண்டு இல்லாத நூலை ஏற்காதீர்கள்; அட்டை மாற்றிய மறுபதிப்பு புது நூலாக வருவது இப்படித்தான். சர்வதேசத் தராதர நூல் எண்ணையும் பாருங்கள். இலங்கையில் பெற்றதென்றால் 978க்கு அடுத்து 955 அல்லது 624 இருக்கும். மணிவிழா மலர், நினைவு மலர், பலர் எழுதிய தொகுப்பு வேண்டாம். பத்துக் கட்டுரையில் இரண்டு நன்றாயிருந்தால் எதற்குப் பரிசு?

நடுவர் மூவர் போதும்: துறை அறிந்தவர் ஒருவர், பாடசாலை ஆசிரியர் அல்லது நூலகர் ஒருவர், பேராதனை அல்லது மட்டக்களப்புப் பக்கம் ஒருவர். மூன்றாமவர் கட்டாயம், ஏனெனில் இங்கே எல்லாரும் யாரோ ஒருவரின் மாணவர். ஆய்வை மேற்பார்வை செய்தவர், அணிந்துரை எழுதியவர், வெளியீட்டு விழாவில் நயப்புரை சொன்னவர் அந்த நூலுக்கு நடுவராக இருக்கக்கூடாது. இந்த விதியை வைத்தால் உங்கள் முதல் பட்டியலில் பாதிப்பேர் போய்விடுவார்கள், போகட்டும்.

நூறு புள்ளி போட்டுச் சராசரி எடுக்க வேண்டாம். ஒருவர் 90, மற்ற இருவர் ஆளுக்கு 50 கொடுத்த துணிச்சலான நூல், மூவரும் 72 கொடுத்த சப்பையான நூலிடம் தோற்கும். ஆளுக்கு மூன்று நூலை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் காரணம் எழுதி, ஒருநாள் கூடிப் பேசட்டும். இறுதிப் பட்டியல் நூல்களில் பத்து அடிக்குறிப்புகளை மூலத்தோடு ஒப்பிடுங்கள். திகதியில்லாத பத்திரிகைச் சான்று, பக்க எண்ணில்லாத மேற்கோள், இன்னொரு நூலிலிருந்து அப்படியே தூக்கிய குறிப்பு எல்லாம் அங்கே பிடிபடும்.

முந்நூறு பிரதி அச்சிட்டவரிடம் நாலு பிரதி இலவசமாகக் கேட்பது அநியாயம். ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். இறுதிக்கு வருவதை நீங்களே காசு கொடுத்து எடுங்கள். கையில் 50,000 ரூபா இருந்தால் கேடயத்துக்கும் மண்டபத்துக்கும் செலவழிக்காமல், 800 ரூபாப் படி 30 பிரதி வாங்கிப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுங்கள்: 24,000 ரூபா. மீதி ஆசிரியருக்கு.

கேள்வி: ஹிஸ்பானியர் உயர்கல்வி பற்றி வாசிக்க எங்கே தேடுவது?
– வாசகர், சுன்னாகம்

பதில்: நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் ஒரே தட்டில் கிடைக்காது. உயர்கல்வி 378இல், அமெரிக்க ஹிஸ்பானிய சமூகம் 305.868இல், இரண்டையும் பாருங்கள். வீட்டிலிருந்தென்றால், அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் எரிக் (ERIC) என்ற கல்வி ஆய்வுத் தரவுத்தளம் இணையத்தில் இலவசம். மேலே சொன்ன ‘ஹிஸ்பானிக் சேர்விங் இன்ஸ்டிட்யூஷன்’ (Hispanic Serving Institution) என்பதை ஆங்கிலத்தில் தட்டி, முழுக் கட்டுரை உள்ளவற்றை மட்டும் காட்டும் தெரிவை அழுத்துங்கள்.