மேக்கப் இயற்கையாகப் பளபளக்கவும் வேண்டும், எண்ணெய் வழியவும் கூடாது என்றால் பேஸை, அதாவது மேக்கப்பின் அடிப்பூச்சை, எப்படிப் போடுவது?

உங்கள் கேள்வியைப் படித்ததும் என்னுடைய பழைய கதை ஞாபகம் வந்துவிட்டது. ஃபவுண்டேஷன் போட்டதும் முகம் பளிச்சென்று இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் எண்ணெய் வழிகிறது. பவுடர் போட்டால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடுகிறது, நடுவில் ஒரு வழி கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். எனக்கு அது பிடிபட ஐந்தாறு வருடம் ஆயிற்று. அதுவும் ஒரு குரூப் போட்டோவில் மானம் போன பிறகுதான்.

அப்போது ‘டியூயி’ (பனி படர்ந்தது போல ஈரமாக மின்னும்) மேக்கப் மேல் எனக்குப் பைத்தியம். பளபளக்கும் பிரைமர் (ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசுவது), அதன் மேல் பளபளக்கும் ஃபவுண்டேஷன், அதன் மேல் ஹைலைட்டர் (மேடான இடங்களை மினுக்கிக் காட்டுவது), கடைசியில் பளபளப்பு தரும் ஸ்பிரே. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து போட்டேன். வீட்டுக் கண்ணாடியில் என்னை நானே மெச்சிக்கொண்டுதான் கிளம்பினேன். மூன்று மணி நேரம் கழித்து எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது சித்தி பெண் காதருகே வந்து, “அக்கா, மூஞ்சி கழுவிட்டு வந்துடேன், வெயிட் பண்றோம்” என்றாள். மேக்கப் போட்டிருக்கிறேன் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. போட்டோவில் நெற்றியும் மூக்கும் தாடையும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் தனித்தனியாக மின்னுகின்றன. கன்னம் மட்டும் அழகாக இருக்கிறது.

அந்தக் கன்னத்தை வெகுநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பூசியது எல்லா இடத்திலும் ஒரே சரக்கு. கன்னத்தில் பொலிவாகத் தெரிவது நெற்றியில் ஏன் பிசுக்காகத் தெரிகிறது?

எண்ணெய்ச் சுரப்பிகள் முகம் முழுக்க ஒரே அளவில் இல்லை. நெற்றி, மூக்கு, தாடை மூன்றிலும் நெருக்கமாக இருக்கின்றன. கன்னத்தின் வெளிப்பக்கத்தில் குறைவு. நாம் கண்ணாடி முன்னால் மேக்கப்பை முடித்துவிட்டோம் என்று நினைக்கிறோம், தோல் தன் வேலையை நிறுத்துவதில்லை. காலையிலேயே நூற்றுக்கு நூறு பளபளப்பு ஏற்றிவிட்டால், மதியத்துக்குள் தோல் தன் பங்கையும் சேர்த்து நூற்றைம்பதாக்கிவிடும். அதனால் நடு முகத்தைக் கொஞ்சம் மங்கலாகவே விட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மீதியைத் தோல் பார்த்துக்கொள்ளும். நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்; கீழே இருப்பதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

பொலிவா, பிசுக்கா என்று சந்தேகம் வந்தால் ஒரு டிஷ்யூவில் ஒற்றை அடுக்கைப் பிரித்து, மின்னுகிற இடத்தில் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது. மினுமினுப்பு டிஷ்யூவோடு போய்விட்டால் அது எண்ணெய். ஒற்றி எடுத்த பிறகும் முகத்திலேயே நின்றால் அதுதான் நீங்கள் தேடுகிற பொலிவு. இன்னொரு அடையாளம்: எண்ணெய் ஏறிய இடத்தில் தோலின் துளைகள் ஒவ்வொன்றும் கோடு போட்டுக் காட்டியது போலத் தெரியும், வெளிச்சம் சின்னச் சின்னப் புள்ளியாகக் குத்தும். பொலிவில் வெளிச்சம் அகலமாக, விளிம்பு தெரியாமல் பரவியிருக்கும்.

அந்த அகலமான வெளிச்சத்துக்கு முதலில் வேண்டியது தோலில் ஈரம். வறண்ட தோலின் மேல் செத்த செல்கள் செதில் செதிலாக நிற்பதால் ஒளி தாறுமாறாகச் சிதறி முகம் டல்லடிக்கும். ஈரம் ஏறினால் மேற்பரப்பு சமமாகிவிடும். இங்கேதான் எண்ணெய்ப் பசைத் தோல்காரர்கள் கோட்டை விடுகிறார்கள் (நான் உட்பட). எண்ணெய் வழிகிற முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று விட்டுவிடுகிறோம். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. ஒரே முகத்தில் எண்ணெய் மிகுதியாகவும் நீர்ச்சத்து குறைவாகவும் இருக்கலாம். கிளிசரின், ஹையலூரோனிக் ஆசிட் போன்றவை தண்ணீரைப் பிடித்து வைப்பவை. அவை உள்ள ஜெல் மாதிரியான மாய்ஸ்சரைசர் போதும். கன்னத்தில் தாராளமாகத் தடவுங்கள். நெற்றிக்கும் மூக்குக்கும் விரலில் ஒட்டியிருக்கும் மிச்சம் போதும்.

முகத்தை நாலு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் எண்ணெய் வராது என்று நினைக்காதீர்கள். சுரப்பியை நடத்துவது ஹார்மோன். மேலே தேய்ப்பது அதற்குத் தெரியவே தெரியாது. தோல் இறுகி செதில் எழும்பி, ஃபவுண்டேஷன் அதில் திட்டுத் திட்டாகப் பிடிப்பதுதான் மிச்சம். மைல்டான ஃபேஸ்வாஷ் ஒரு முறை போதும்.

அடுத்தது சன்ஸ்க்ரீன். மேக்கப் வழிகிறது என்று ஃபவுண்டேஷனைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான வில்லன் அடியில் இருக்கும் சன்ஸ்க்ரீன்தான் என்பது என் சந்தேகம். அதற்காக அளவைக் குறைக்கவும் முடியாது. பாட்டிலில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் (வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று காட்டுவது), ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துக் கிடைப்பது. குறைத்துப் பூசினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் இருக்கிறதே என்பார்கள். அந்த அளவுக்கு ஃபவுண்டேஷன் பூசினால் முகமூடி போட்ட மாதிரி இருக்கும், யாரும் பூசுவதில்லை. ஆகவே காய்ந்ததும் பிசுபிசுக்காத சன்ஸ்க்ரீனாகத் தேடிப் பிடியுங்கள். பூசிவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். நான் அந்த நேரத்தில் துணி இஸ்திரி போடுவேன். பிறகு டிஷ்யூவால் நடு முகத்தை மட்டும் லேசாக ஒரு ஒற்று. தேய்த்தால் சன்ஸ்க்ரீன் போய்விடும், கவனம். இந்த ஒரு ஒற்றுதான் என் மேக்கப்பை மாற்றிய விஷயம் என்றுகூடச் சொல்வேன்.

பிரைமர் கட்டாயமில்லை. போடுவதானால் மூக்கு ஓரமும் புருவங்களுக்கு நடுவும் மட்டும். டைமெதிகோன் என்ற சிலிகோன் கலந்தவை துளைகளை நன்றாக மறைக்கும். ஆனால் சில ஃபவுண்டேஷன்கள் அதன் மேல் ஒட்டாமல் அழுக்கு உருட்டியது போல உருண்டு வரும். புறங்கையில் ஒன்றன் மேல் ஒன்றாகத் தடவிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

ஃபவுண்டேஷனில் ‘ரேடியண்ட்’, ‘டியூயி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எண்ணெய்த் தோலுக்கு ‘நேச்சுரல்’ அல்லது ‘சாட்டின்’ (பட்டுப் போல மெல்லிய பளபளப்பு) ஃபினிஷ் பொருந்தும். பளபளப்பே இல்லாத முழு மேட் போட்டுவிட்டு மேலே பளபளப்பு சேர்க்கலாமே என்றால், சேர்க்கலாம், ஆனால் மாவு மேல் மினுக்கு தெளித்த மாதிரி தெரியும். ஃபேஸ் ஆயில் இரண்டு சொட்டு ஃபவுண்டேஷனில் கலக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பி நானும் கலந்தேன். ஒரு மணி நேரத்தில் மூக்கு ஓரத்தில் எல்லாம் வழுக்கி இறங்கிவிட்டது. வறண்ட தோல்காரர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது, நமக்கு வேண்டாம்.

அளவுதான் முக்கியம். அரை பம்ப் எடுத்துப் புறங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒரு துண்டில் சுற்றி மறுபடி பிழியுங்கள். தொட்டால் குளிர வேண்டும், சொட்டக் கூடாது. மூக்கை ஒட்டிய கன்னப் பகுதியில் ஆரம்பித்து வெளியே தட்டிக்கொண்டே போங்கள். இழுக்க வேண்டாம். காது ஓரம் போகும்போது கையில் ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. நெற்றிக்கு ஸ்பாஞ்சில் ஒட்டியிருப்பதே போதும். கரும்புள்ளி, பருத் தழும்பு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கன்சீலரைப் புள்ளி வைத்து விரலால் அழுத்துங்கள். ஒரு தழும்புக்காக முழு முகத்தையும் மூடினால் அடியில் இருக்கும் சொந்தத் தோல் காணாமல் போய்விடும். இயற்கையான பொலிவு என்று பார்ப்பவர்கள் சொல்வது ஃபவுண்டேஷன் மெலிதாக இருக்கும் இடங்களைத்தான்.

ஹைலைட்டர் வாங்கும்போது ஒரு சின்னச் சோதனை. பளபளப்புக்காக இவற்றில் சேர்ப்பது பெரும்பாலும் டைட்டானியம் டைஆக்சைடு பூசிய மைக்கா (காக்காப்பொன்). துகள் மிகப் பொடியாக இருந்தால் பட்டுப் போன்ற மென்மையான ஒளி. பெரிதாக இருந்தால் ஜிகினா. புறங்கையில் தடவி, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். புள்ளிகளை எண்ண முடிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். க்ரீம் ஹைலைட்டராக இருந்தால் பவுடருக்கு முன்னாலேயே, கன்ன எலும்பின் மேட்டில், கண்ணின் வெளி ஓரத்துக்குக் கீழே. மூக்கு நுனியிலும் நெற்றி நடுவிலும் வேண்டவே வேண்டாம், அங்கே இலவசமாகவே வந்து சேரும்.

பவுடரைப் பிரஷ்ஷால் முகம் முழுக்கத் தூவாதீர்கள். சின்ன பஃப்பில் கொஞ்சம் லூஸ் பவுடர் எடுத்து, பஃப்பை இரண்டாக மடித்துத் தேய்த்தால் பவுடர் அதற்குள்ளேயே இறங்கிவிடும். அதன் பிறகு மூக்கின் இரு ஓரம், புருவ நடு, தாடை, மேலுதட்டுக்கு மேல் — அழுத்தி உருட்டி எடுங்கள். கன்னத்தைத் தொடவே வேண்டாம். போட்டோ எடுக்கிற நாளாக இருந்தால் வீட்டிலேயே ஒரு ஃபிளாஷ் போட்டோ எடுத்துப் பாருங்கள். சிலிகா அதிகமுள்ள வெள்ளைப் பவுடர்கள் நேரில் கண்ணுக்குத் தெரியாது, ஃபிளாஷில் திட்டாக வெளுத்துக் காட்டும். செட்டிங் ஸ்பிரே உங்கள் இஷ்டம். பவுடர் அதிகமாகிவிட்டது என்றால் ஒரு தெளிப்பு அதைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான்.

மதியம் எண்ணெய் எழும்பும், எழும்பட்டும். அப்போது காம்பாக்டை எடுத்து நேராக அடித்தால் எண்ணெயும் பவுடரும் சேர்ந்து அடை அடையாக நிற்கும், நிறமும் கருத்துப் போகும். முதலில் எண்ணெய் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பரால் ஒற்றுங்கள், டிஷ்யூ ஒற்றை அடுக்கு இருந்தாலும் சரி. பத்தில் எட்டு நாள் அதோடு விட்டுவிடலாம். வியர்வை என்றால் துடைக்காமல் ஒற்றிவிட்டுக் காற்றில் ஆறவிடுங்கள்.

வறண்ட தோல் என்றால் மேலே சொன்னதில் பவுடர் பகுதியை அடியோடு தவிர்த்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. நான் சொன்ன இடங்களை அப்படியே நகல் எடுக்காமல், லீவு நாளில் ஒரு முறை பவுடரே போடாமல் பேஸ் மட்டும் போட்டுக்கொண்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். மூன்று மணி நேரம் கழித்து ஜன்னல் பக்கம் நின்று ஒரு போட்டோ. எங்கெங்கே மின்னுகிறதோ அங்கே மட்டும்தான் உங்களுக்குப் பவுடர். எனக்கு மூக்கு ஓரமும் தாடையும் எதிர்பார்த்ததுதான், ஆனால் நெற்றியில் இடது பக்கம் மட்டும் வலதைவிட இரண்டு மடங்கு மின்னியது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் தெரிந்தது, முன்முடி விழுவது அந்தப் பக்கம். முடியில் தடவிய சீரம் நெற்றிக்கு இறங்கியிருக்கிறது. இப்போது சீரத்தை முடி நுனியோடு நிறுத்திக்கொள்கிறேன்.