காரையில்லாமல் அடுக்கிய தூண்கள் நிலநடுக்கத்தில் என்ன செய்யும்?

கேள்வி: நான் கட்டட மேற்பார்வையாளர். அடுத்த மாதம் குடும்பத்துடன் ஏதென்ஸ் செல்கிறோம். பார்த்தினன் கோயிலின் தூண்கள் சிமென்டோ சுண்ணாம்போ இல்லாமல் வெறுமனே அடுக்கப்பட்டவை என்று படித்தேன். சீரமைத்தபோதே நடுவில் துளையிட்டுக் கம்பி இறக்கி கான்கிரீட் ஊற்றியிருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்காதா? நாங்கள் மேலே நிற்கும்போது நிலம் அதிர்ந்தால் என்ன செய்வது?

பதில்: கட்டடத் தொழிலில் இருப்பவருக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. இன்றைய கட்டடத்தில் தூணும் உத்தரமும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருந்தால்தான் நமக்கு நிம்மதி. ஆனால் கி.மு. 447-இல் தொடங்கப்பட்ட பார்த்தினனைப் பொறுத்தவரை, அந்தப் பிணைப்பு இல்லாததுதான் அதன் பலம்.

அதன் வெளித்தூண் ஒன்று 10.4 மீட்டர் உயரமும் அடியில் 1.9 மீட்டர் விட்டமும் கொண்டது; பத்துப் பன்னிரண்டு பளிங்கு வட்டுகளை அடுக்கி, மேலே போதிகையை (உத்தரத்தைத் தாங்கும் தலைக்கல்லை) வைத்திருக்கிறார்கள். வட்டுகளின் மையத்தில் சிறிய மரமுளை இருந்தது. அது வட்டைச் சரியான இடத்தில் உட்கார வைப்பதற்கு உதவியதே தவிர, நம் கம்பியைப் போல இழுவிசையைத் தாங்குவதற்கானதன்று.

வீட்டில் கேரம் பலகை இருந்தால், பவுடர் தூவாத இடத்தில் 19 காய்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். உயரம் விட்டத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு, அதாவது பார்த்தினன் தூணுக்கு நெருக்கமான விகிதம். பலகையின் ஓரத்தை விரலால் படபடவென்று தட்டினால் அடுக்கு நடுங்கும். ஓரிரு காய்கள் ஒரு நூலளவு விலகும். ஆனால் அடுக்கு நிற்கும். பலகையையே ஒரு சாண் தூரம் சட்டென்று இழுத்து நிறுத்தினால் விழுந்துவிடும். தூணுக்கும் இதே கதிதான். தரையின் கிடைமட்ட முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும்போது தூண் ஓர் ஓரத்தை ஊன்றி ஆடத் தொடங்கும். எனினும் ஆடத் தொடங்குவது வேறு, கவிழ்வது வேறு. கவிழ வேண்டுமானால் அதன் தலை கிட்டத்தட்ட அடிவிட்டத்தின் அளவுக்கு, சுமார் 1.9 மீட்டர், ஒரே பக்கமாக நகர வேண்டும். அதற்குள் தரை எதிர்த்திசையில் திரும்பிவிட்டால் தூணும் திரும்பிவிடும்.

அளவும் இங்கே கைகொடுக்கிறது. ஒரே வடிவமுள்ள இரண்டு பொருள்களில் பெரியதே கவிழக் கடினமானது என்பதை நிலநடுக்கப் பொறியியலாளர் ஜார்ஜ் ஹவ்ஸ்னர் 1963-இல் கணக்கிட்டுக் காட்டினார். அந்தத் தூண் உங்கள் கேரம் அடுக்கைவிட ஏறத்தாழ 70 மடங்கு உயரம். சாய்வதற்கு ஆகும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததால், தூண் எட்டு மடங்கு மெதுவாகச் சாயும். ஆகவே வேகமாக உதறும் அதிர்வைவிட, மெல்ல வந்து நீண்ட நேரம் ஒரே பக்கம் தள்ளும் அதிர்வுக்கே இத்தகைய தூண்கள் அஞ்ச வேண்டும். போதாக்குறைக்கு, வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்தும் மோதியும் அதிர்வின் ஆற்றலைத் தின்றுவிடுகின்றன.

இதை வைத்து, பழைய கோயில்கள் விழவே மாட்டா என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாம் பார்ப்பது நின்றவற்றை மட்டுமே. ஒலிம்பியாவில் இருந்த ஜீயஸ் கோயில் கி.பி. 6-ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் விழுந்ததாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது; அதன் வட்டுகள் வெட்டிய வாழைத்தண்டுத் துண்டுகள் போல இன்றும் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன. அது நின்றது ஆற்று வண்டல் நிலத்தில். மென்மையான மண் மெதுவான அலைகளைப் பெருக்கிவிடும். பார்த்தினன் நிற்கும் அக்ரோபோலிஸோ சுண்ணாம்புப் பாறைக் குன்று.

இனி கான்கிரீட். உங்கள் யோசனைக்குப் பக்கத்துச் சோதனை ஒன்று ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. பழைய கட்டுநர்கள் பக்கத்துப் பக்கத்துக் கற்களை இரும்புக் கவ்விகளால் இணைத்து, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் இரும்பைத் துரு அண்டாமல் காத்ததுடன், அதிர்ச்சி நேரடியாகக் கல்லில் இறங்காமல் இடையில் மெத்தை போலவும் இருந்தது. 1898-க்குப் பின் பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ் தலைமையில் நடந்த சீரமைப்பில் ஈயக் காப்பு இல்லாமல் இரும்பும் சிமென்டும் பயன்பட்டன. துரு, தான் உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பளிங்கு உள்ளிருந்தே வெடித்தது. 1981 பிப்ரவரி 24 அன்று கொரிந்து வளைகுடாவில் 6.7 அளவில் நிலநடுக்கம் வந்தபோது பார்த்தினனின் மூலைப் பகுதிகளில் சேதம் ஏற்பட்டது. மூலைத்தூணுக்கு எதிரெதிராக இல்லாமல் அடுத்தடுத்த இரண்டு பக்கம் மட்டுமே உத்தரத்தின் துணை. வெளிப்பக்கம் போக எப்போதும் வழி திறந்தே இருக்கும்.

அதன் பிறகு நடந்த சீரமைப்பில் பழைய இரும்பைக் களைந்து டைட்டானியத்தைப் பொருத்துகிறார்கள். அது துருப்பிடிக்காது, வெப்பத்தில் விரியும் அளவும் இரும்பைவிடப் பளிங்குக்கு நெருக்கம். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: பளிங்கு உடைவதற்கு முன் கவ்வி விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அந்தக் கவ்விகளின் வடிவமைப்பு விதி. கவ்வியை மாற்றிக்கொள்ளலாம், 2,400 ஆண்டுப் பளிங்கை மாற்ற முடியாது. தூணின் நடுவே கம்பியை இறக்கி கான்கிரீட் ஊற்றினால் இந்த வரிசை தலைகீழாகிவிடும்: ஆடித் தப்பித்த தூண் ஒரே விறைப்பான கம்பாக மாறி, விசை முழுவதையும் ஏதாவது ஓர் இணைப்பில் கொண்டுபோய்க் குவிக்கும். உடைந்த வட்டுகளை ஒட்டுவதும், விலகிய கல்லைச் சரியான இடத்துக்குத் திருப்புவதும் நியாயமான வேலை. ஓரம் சிதைந்த, ஏற்கெனவே சாய்ந்த தூண் உண்மையிலேயே பலவீனமானது.

நீங்கள் மேலே இருக்கும்போது நிலம் அதிர்ந்தால், தூண் கவிழ்வதைவிட உயரத்திலிருந்து சிதறும் சிறு துண்டுகள்தாம் முதல் ஆபத்து. நீங்கள் உள்ளே வரும் புரொபிலேயா வாசலிலோ அதன் கூரையின் கீழோ நிற்கக் கூடாது. அங்கிருந்து திறந்த வெளிக்கு விலகி, எந்தத் தூணிலிருந்தும் அதன் உயரத்தைவிடக் கூடுதலான தூரத்தில், குன்றின் மதில் ஓரத்தையும் தவிர்த்து நில்லுங்கள். ஓடாதீர்கள், பாதையும் பாறையும் பல இடங்களில் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், முதியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மின்தூக்கி வேண்டாம். காவலர் காட்டும் வழியில் இறங்குங்கள். உதவிக்கு 112-ஐ அழைக்கலாம். அதிர்வு நின்றவுடன் படம் எடுக்கத் தூண் அருகே போகாதீர்கள்: 1981-இல் முதல் அதிர்வுக்கு மறுநாளே இன்னொன்றும், மார்ச் 4 அன்று மூன்றாவதும் வந்தன, முதல் அதிர்வில் விலகிய வட்டு தானாகத் தன் இடத்துக்குத் திரும்புவதில்லை.