ட்சுகெமென் நூடுல்ஸ் ஏன் ஆறிப்போய் வருகிறது? இதை எப்படித்தான் ரசித்துச் சாப்பிடுவது?

நீங்கள் டோக்கியோவுக்கு வந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். சூப்பிலேயே போட்டுத் தரும் ராமென் நூடுல்ஸ் என்று நினைத்து, நூடுல்ஸும் சூப்பும் தனித்தனியாக வரும் ட்சுகெமெனுக்கு, கடையின் டிக்கெட் மெஷினில் பட்டனை அழுத்தியிருப்பீர்கள். "நூடுல்ஸ் ஜில்லென்று இருக்கிறது, சூப் ஒரே உப்பு, இதற்கா வரிசையில் நிற்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது, அதனால்தான் எழுதுகிறேன்.

அது ஆறிப்போனது இல்லை. வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசி எடுக்கிறார்கள். மாவுப் பசை போய் இழை இறுகினால்தான் அந்தத் தடித்த நூடுல்ஸ் பல்லுக்கு வாகாக இருக்கும். சூப் தொட்டுக்கொள்ள, குடிக்க இல்லை. சூடாகவே வேண்டுமென்றால் 'அட்சுமோரி' என்று கேளுங்கள், பல கடைகளில் தருவார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஒரு ஜனவரி ராத்திரி, எங்கள் தெருமுனைக் கடைக்கு முதல்முறை போனேன். எட்டே இருக்கை. கிண்ணத்தின் விளிம்பில் நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தாளில் ஒரு துண்டு, அதன்மேல் சின்னக் குவியலாக மீன் பொடி. நான் நூடுல்ஸை மொத்தமாக சூப்பில் கொட்டப் போனேன். கடைக்காரப் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். நாலைந்து இழையைத் தூக்கி, பாதிவரை மட்டும் நனைத்து, சர்ரென்று உறிஞ்சுகிற மாதிரி சைகை செய்தார். அப்படியே செய்தேன். வாயில் வைத்ததும் எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. மாசிக் கருவாடு! நான் தூத்துக்குடிக்காரன், அந்த வாசம் எனக்குத் தப்பாது. இவர்களுடைய உலர்மீனான கட்சுவோபுஷியும் நம் மாசியும் ஒரே சூரை மீனில் செய்வதுதான். வீட்டைவிட்டு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

இந்தச் சூப்பில் பன்றி எலும்புச் சாறும் பெரும்பாலும் சேரும். விலக்குகிறவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். எல்லோரும் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

ட்சுகெமென், கசுவோ யமகிஷி என்பவர் 1955இல் தைஷோகென் கடையில் விற்கத் தொடங்கியது. கடை ஆட்கள் மிச்ச நூடுல்ஸை சூப்பில் தொட்டுச் சாப்பிட்டதிலிருந்து பிறந்த பண்டம். உழைத்தவர்களின் சாப்பாடு என்பதாலேயே எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

வாசம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே வருடம் வீடு தேடியபோது ஒரு தரகர், "இந்தியர்கள் சமைத்தால் சுவரில் வாசம் ஏறிவிடும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார். கீழ்த்தளத்தில் நாள் முழுக்க எலும்பு கொதிக்கும் ராமென் கடை இருந்த கட்டடம் அது. இன்றும் ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நூடுல்ஸ் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். கிண்ணத்தை மேடையில் வைத்து "சூப்பு-வரி" என்று கேளுங்கள். சூடான தெளிசாறு ஊற்றித் தருவார்கள். உப்பு தணிந்து, ரசம் மாதிரி இதமாக இறங்கும். நீங்கள் குடிக்கத் தேடிய சூப் அதுதான்.