சேம்பரில் கட்டும் சந்தா வீணா? வேலூரிலிருந்து என் பதில்

வர்த்தக சபையில், அதாவது சேம்பரில், வருடா வருடம் சந்தா கட்டுகிறேன், காலண்டரும் கூட்ட அழைப்பும் தவிர ஒன்றும் வருவதில்லை, இனியும் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லாங்கு பஜார் பக்கம் கடை வைத்திருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். 'தண்டச் செலவு' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இல்லை, ஆள் சேர்க்கவும் வரவில்லை. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை என்னுடையது.

இரண்டு மூன்று வருடம் முன்பு ஒரு பெரிய கம்பெனியில் என் பணம் மாட்டிக்கொண்டது. பெயர் வேண்டாம். போன் செய்தால் "ஃபாரின் பார்ட்டியிடமிருந்து இன்னும் வரவில்லை" என்பார்கள். எனக்கோ கிராஃப்ட் பேப்பர் மில்லுக்கு முன்பணம் கட்டினால்தான் லோடு ஏறும். அந்தச் சமயத்தில் சேம்பர் மாதக் கூட்டத்துக்குப் போனேன். மேடைப் பேச்சு நினைவில் இல்லை. முடிந்து டீ குடிக்கும்போது தோல் கெமிக்கல் வியாபாரம் செய்யும் ஒரு பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். "உத்யம் நம்பர் பில்லுல போட்டிருக்கியா தம்பி? நாளைக்கு ஃபைலை எடுத்துக்கினு கடைக்கு வா" என்றார். உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு.

மறுநாள் பில்லையெல்லாம் விட்டுவிட்டு சரக்கோடு போகும் டெலிவரி சலான்களைத்தான் கேட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டி, கம்பெனி கேட் சீலும் தேதியும் தெளிவாக இருப்பவற்றை ஒரு பக்கம், சீல் மங்கியவற்றை இன்னொரு பக்கம் என்று பிரித்தார். 2006 குறு சிறு தொழில் சட்டத்தில் சரக்கு போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. பதினைந்து நாளுக்குள் அவர்கள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் சரக்கு சேர்ந்த அந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அதிலிருந்து, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. இதெல்லாம் என் ஆடிட்டருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எந்த சலான் நிற்கும், எது நிற்காது என்று கையில் எடுத்துக் காட்டியவர் பாய்தான்.

இன்னொன்றும் சொன்னார். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு புதிதாக வந்திருந்த நேரம் அது. கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31-க்குள் தராவிட்டால் அந்தக் கம்பெனி அந்த வருடக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. "சண்டை போடாதே. சலான் தேதி, உத்யம் நம்பர், பாக்கித் தொகை மூன்றையும் போட்டு அக்கவுன்ட்ஸுக்கு ஒரு லெட்டர் கொடு, பிப்ரவரியிலேயே கொடு" என்றார். கொடுத்தேன். மார்ச் முடிவதற்குள் பெரும்பகுதி வந்துவிட்டது. சிறு தொழில்களின் பாக்கிப் புகாருக்கான அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் போடும் அளவுக்குப் போகவில்லை. அந்தக் கம்பெனிக்கு இன்றைக்கும் பெட்டி அனுப்புகிறேன்.

"பெரிய தோல் ஷாப் முதலாளிகளுக்குத்தானே சங்கம்" என்று சொல்பவர்கள் உண்டு (ஷாப் என்றால் இங்கே தோல் பதனிடும் ஆலை). அவர்கள் 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நினைத்துப் பார்க்கட்டும். பாலாறு கெட்டுப்போன வழக்கு அது, அந்தக் கேட்டுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் கழிவுநீர் சுத்திகரிப்பு இல்லாமல் ஷாப் நடத்தக் கூடாது என்றபோது, சின்ன ஷாப்காரர்கள் தனித்தனியாக எப்படிக் கட்டியிருப்பார்கள்? பலர் சேர்ந்து நடத்தும் பொது சுத்திகரிப்பு நிலையம் இருந்ததால்தான் அவர்கள் தொழிலில் நிற்க முடிந்தது.

கூட்டத்துக்கு வர நேரமில்லை என்றால் ஒப்புக்கொள்கிறேன். ராணிப்பேட்டையிலிருந்து மாலையில் கிளம்பி கிரீன் சர்க்கிளைத் தாண்டுவதற்குள் உயிர் போகிறது. பின்னால் சிஎம்சிக்குப் போகும் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நிற்கும், முன்னால் ஷேர் ஆட்டோ நடு ரோட்டில் ஆள் ஏற்றும். இதைப் பற்றிப் பேசாத கூட்டம் இல்லை, மனு கொடுக்காத வருடம் இல்லை. நோயாளியை வைத்துக்கொண்டு நிற்கும் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வாங்கி விற்பவர் என்றால் நான் சொன்ன 45 நாள் பாதுகாப்பு உங்களுக்குப் பொருந்தாது. வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு உண்டு, ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். உங்களுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன: எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை, உணவுப் பொருள் விற்றால் அதற்கான உரிமம், ஜிஎஸ்டி நோட்டீஸ். முத்திரைக்கு முகாம் போடச் சொல்லி சங்கத்திடம் நீங்களே கேளுங்கள். உங்கள் தெருவில் இன்னும் நாலு கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் செயலாளர் தட்ட மாட்டார். நோட்டீஸ் வந்தால் அதைக் கையோடு எடுத்துப் போங்கள். பொதுவாக "ஜிஎஸ்டி தொல்லை" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், காகிதத்தை நீட்டினால் யாராவது ஒருவர் உட்கார்ந்து படிப்பார்.

அப்புறம், உறுப்பினர் கையேட்டில் உங்கள் கடைப் பெயர், தொழில், போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். ஆம்பூரிலிருந்து ஒரு பார்ட்டி அதைப் பார்த்துத்தான் என்னிடம் பெட்டி கேட்டு வந்தார்.