பழைய சொகுசு கார் வாங்கப் போகிறீர்களா? சுங்கை சிப்புட் பட்டறையிலிருந்து சில பதில்கள்

தீபாவளி நெருங்கினால் இந்தக் கேள்விகள் கூடிவிடும். போனஸ் வரும், பிள்ளைகள் வெளியூரிலிருந்து வீடு திரும்புவார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளை வாசலில் ஒரு மெர்சிடிஸை நிறுத்தி அப்பாவை உட்காரவைத்து ஓட்ட வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை. அது ஆறு மாதத்தில் கடனாக மாறிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அண்ணே, 2012 பிஎம்டபிள்யூ 520ஐ. ஈப்போவில் ஒரு டீலர் 45,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சொல்கிறார். புஸ்பாகோம் பி5 சோதனை பாஸாகிவிட்டது, கவலையே வேண்டாம் என்கிறார். நம்பலாமா?
*கமுனிங் தோட்டத்துப் பையன், இப்போது பினாங்கில் வேலை*

தம்பி, புஸ்பாகோம் என்பது வாகனங்களைச் சோதிக்கும் நிறுவனம். அங்கே பி5 என்பது உரிமையாளர் பெயர் மாற்றுவதற்கான சோதனை. சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) உள்ளதோடு ஒத்துப்போகிறதா, வெட்டி ஒட்டிய வண்டியா என்பதுதான் அங்கே முக்கியம். வங்கிக் கடனில் எடுத்தால் பி7 சோதனையும் வேண்டும். இரண்டும் அவசியம்தான், ஆனால் எஞ்சினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் எந்த நிலையில் இருக்கிறது, கியர்பாக்ஸ் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அந்தச் சோதனைகள் சொல்லாது.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். இந்தக் கார் புதிதாக வந்தபோது விலை 3 லட்சம் வெள்ளிக்கு மேல். இன்று காரின் விலை இறங்கிவிட்டது, சாமான் விலை இறங்கவில்லை. நம் கூலிம் தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்திச் செய்த வண்டியாக இருந்தாலும் சாமான் பிஎம்டபிள்யூ சாமான்தான்.

அந்த வருட 520ஐ-யில் இருப்பது என்20 எஞ்சின். அதன் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள் தேய்ந்து உடைவது தெரிந்த நோய். உடைந்த துண்டு ஆயில் பம்ப் பக்கம் போய் அடைத்தால் எஞ்சினையே இழக்க நேரிடும். அதனால் காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல்நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்திருந்தால் பானெட்டைத் திறந்துவைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காது கொடுங்கள். முதல் சில விநாடி சலசலவென்று செயின் சத்தம் கேட்டாலோ, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது விசில்போல ஒரு ஊளை கூடவே ஏறினாலோ, அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது கசிவு. வால்வ் கவர், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் இரண்டின் கேஸ்கெட்டும் நம் வெயிலில் காய்ந்து ஆயில் விடும். கேஸ்கெட் விலை பெரிதில்லை, கழற்றி மாட்டும் கூலிதான் கடிக்கும். எஞ்சின் பளபளவென்று கழுவியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கழுவிய எஞ்சினில் கசிவு தெரிய ஒரு நல்ல ஓட்டம் ஓட வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நம் பக்கத்து ரோடே போதும். ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே மெனோரா சுரங்கம் வரை ஏறுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் சூடும் டர்போவும் எப்படி என்று தெரியும். கோலகங்சாரில் இறங்கி, பழைய ரோட்டில் சுங்கை சிப்புட் வழியாகத் திரும்புங்கள். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது கியர் இறங்குகையில் இடிக்கிறதா? நின்றபின் டி-யிலிருந்து ஆர் போட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கிறதா? கியர்பாக்ஸ் நோய் சூடானபின்தான் வெளியே வரும். டீலர் கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு போனால் ஒன்றும் தெரியாது. இந்த வண்டியில் இருப்பது இசட்எஃப் எட்டு கியர். "ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்பார்கள். கியர்பாக்ஸ் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர், அடியில் ஆயில் நிற்கும் பிளாஸ்டிக் தட்டான 'பேன்' என்பதோடு சேர்ந்தே வருவதால் பேனையும் மாற்றியாக வேண்டும். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாகக் கம்ப்யூட்டர் ஸ்கேன். எஞ்சினை மட்டும் இல்லாமல் எல்லா மாட்யூலையும் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு ஒன்றும் இல்லை என்று வந்தாலும் வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே பாதிச் சோதனை முடியாமல் கிடந்தால், யாரோ சமீபத்தில் கோளாறுக் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று டீலர் பதில் சொல்லட்டும்.

55 வயதாகி இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் கைக்கு வந்திருக்கிறது. 2004 மெர்சிடிஸ் இ200 மலிவாக வருகிறது. ரோட்டெக்ஸும் (சாலை வரி) குறைவு என்கிறார்கள்.
*ஓய்வுபெற்ற கிராணி*

ஐயா, ரோட்டெக்ஸ் விஷயம் உண்மை. 1,796 சிசி என்பதால் வருடத்துக்கு 278 வெள்ளி 40 சென்தான். அதுவே 3,000 சிசி என்றால் 2,130 வெள்ளி. ஆனால் 2006-க்கு முந்திய இந்த இ-கிளாஸில் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் இருக்கிறது. கதவைத் திறந்ததுமே முன்பக்கம் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும், அது பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம். பிரேக் எத்தனை தடவை வேலை செய்தது என்று அந்த யூனிட் எண்ணிக்கொண்டே வரும். வரம்பு தாண்டினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும், யூனிட்டை மாற்ற வேண்டும். முற்றிலும் செயலிழந்தால் முன்சக்கரங்களில் மட்டும், காலை அழுத்தி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும்.

என் பதில் வேண்டாம் என்பதுதான். அந்தப் பணம் உங்கள் மருந்துக்கும் வீட்டுக்கும் வேண்டிய பணம். மனசு கேட்கவில்லை என்றால் 2007-க்குப் பிந்திய இ200, அதுவும் சர்வீஸ் பில் முழுதாக உள்ளது, கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.

பத்து வருட வண்டி, மீட்டரில் 68,000 கிலோமீட்டர். டாக்டரம்மா ஓட்டியது என்கிறார்கள்.

யார் ஓட்டியது என்பதை விட்டுவிடுங்கள். டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரம், பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல் மூன்றையும் பாருங்கள். அவை வழவழத்துத் தேய்ந்திருந்தால் 68,000 என்பது பொய். பிஎம்டபிள்யூவில் கிலோமீட்டர் கணக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாட்யூலில் பதிவாகும். மீட்டரை மட்டும் குறைத்தவர்கள் மற்றதை மறந்திருப்பார்கள், ஸ்கேனில் மாட்டிக்கொள்ளும். டயரையும் பாருங்கள். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.

சிலாங்கூரிலிருந்து வந்த வண்டி, வெள்ளத்தில் மாட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் ஏராளமான வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருக்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம், பூட்டில் (பின்பக்க டிக்கி) ஸ்பேர் டயர் குழியில் மண், இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் மின்னணுப் பெட்டிகள் கார்ப்பெட்டுக்கு அடியிலும் பூட்டிலும்தான் இருக்கின்றன. இன்று ஓடும், அடுத்த மாதம் ஒவ்வொன்றாகக் கழலும்.

பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் மெர்சிடிஸ் சி350இ ஹைபிரிட் நல்ல விலைக்கு வருகிறது, அண்ணே.

மலிவாக வருவதற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம் தம்பி. முழுதாக சார்ஜ் போட்டுவைக்கச் சொல்லி, மின்சாரத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். புதிதில் 31 கிலோமீட்டர் என்று சொன்ன வண்டி, சாலையில் அதைவிடக் குறைவாகத்தான் ஓடும். பத்தைக்கூடத் தொடாவிட்டால் பேட்டரி மாற்றும் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வண்டியைக் காற்றுப் பைகளால் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனும் உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நான்கு பக்கமும் பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் காற்றுப் பை கசிகிறது. அதை அப்படியே விட்டு ஓட்டியிருந்தால் கம்ப்ரெஸரும் சேர்ந்து போயிருக்கும். செம்பனை லாரிகள் கிண்டிப்போட்ட தோட்டத்து ரோட்டில் தினமும் போக வேண்டியவர்கள் இந்த வகை வண்டியைத் தவிர்ப்பதே நல்லது.

வாங்கி மூன்றாவது வாரமே கியர்பாக்ஸ் போய்விட்டது. டீலர் கைவிரிக்கிறார்.
*ஹீவுட் பக்கத்திலிருந்து ஒரு தங்கை*

அம்மா, நீங்கள் வாங்கியது வியாபாரியிடம் என்பதால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள். மனுவுக்கு 5 வெள்ளி கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை. தனி ஆளிடம் வாங்கியவர்களுக்கு இந்த வழி கிடையாது. விளம்பரத்தின் படம், ரசீது, டீலர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நடுவர் மன்றத்தில் மனு கொடுக்கும்வரை கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டாம். கோளாறு என்ன என்று பட்டறையில் எழுத்துமூலம் அறிக்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.