பச்சிளங்குழந்தைக்கு உப்புச் சமநிலை குலைவது ஹார்மோனால்தான் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சிறுநீரகத்தின் மேல் ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பி, ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சோடியத்தைச் சிறுநீரில் விட்டுவிடாதே, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவது அதுதான். உத்தரவு தவறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும். முதல் துப்பு இந்த ஜோடிதான்.

பெரும்பாலும் காரணம், ஆல்டோஸ்டீரோனைத் தயாரிக்கத் தேவையான 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது. பெண் குழந்தை என்றால் பிறப்புறுப்பின் தோற்றமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆண் குழந்தைதான் ஏமாற்றும். பார்க்க நன்றாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, எடை இறங்கித் துவண்டு போகும். கிருமித் தொற்று என்றே முதலில் தோன்றும்.

அப்புறம் 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் அளவைப் பார்ப்பார்கள். நொதி இல்லாததால் மேலே போக வழியின்றித் தேங்கும் பொருள் அது. மிக அதிகமாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். அது சரியாக இருந்து ஆல்டோஸ்டீரோன் எகிறியிருந்தால்? மேஸ்திரி கத்திக்கொண்டுதான் இருக்கிறார், வேலையாட்கள் காதில் வாங்கவில்லை என்று பொருள். கோளாறு சிறுநீரகத்தில். சிறுநீர்த் தொற்றும் குழந்தைகளுக்கு இப்படிச் செய்யும் என்பதால் சிறுநீரையும் சோதிப்பார்கள். குழந்தை துவண்டிருந்தால் முடிவுகளுக்குக் காத்திருக்காமல் சலைனும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஹார்மோன் மருந்தும் தொடங்கிவிடுவார்கள்.

பச்சிளங்குழந்தைகளுக்குச் செய்யும் குதிகால் ரத்தச் சோதனையில் இந்த 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் அளவு கூடினாலே நோய் உறுதி என்று பலர் பதறுகிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு நோய் இல்லாமலும் அது கூடும், மறுசோதனை செய்துதான் முடிவு சொல்வார்கள்.